ஒன்பது மணிக் காற்று

கம்பத்தை இறக்கி லாரியில் ஏற்றிவிட்டு மூன்று நாளில் திரும்பி வா என்றுதான் கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். காற்றாலை வைக்கத் தோதான இடமா என்று பார்ப்பதற்காக அந்தக் கம்பத்தை முந்தின வருஷம் ஆடியில் நட்டவன் நான்தான். உச்சியில் வேகத்தை அளக்கும் கிண்ணங்கள், திசை காட்டும் வால், கீழே ஒரு பெட்டியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் கருவி. மாதம் ஒருமுறை வந்து பெட்டியிலிருந்து நினைவு அட்டையை எடுத்துப் போவேன். எட்டு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு, இங்கே காற்று போதாது என்று மேலே முடிவு பண்ணிவிட்டார்கள்.

எனக்கு உடுமலைப்பேட்டை. எங்கள் ஊர்க் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும். வந்துவிட்டால் நாலு மாதத்துக்கு ஒரே திசை, ஒரே பிடிவாதம். விருதுநகர்ப் பக்கத்துக் காற்றுக்கு அந்த நேர்மை கிடையாது. மழைக்காலம் போக மற்ற நாளில், காலையில் ஒரு பேச்சு, பத்து மணிக்கு ஒரு பேச்சு.

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உச்சிப்பொழுது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. லாட்ஜில் மின்விசிறி சுற்றியதே தவிர, காற்று என்று ஒன்று வரவில்லை. பையை வீசிவிட்டுக் காதர் பாய் கடைக்கு நடந்தேன். கம்பத்தை இழுத்துக் கட்டும் இரும்பு வடமெல்லாம் அவரிடம்தான் வாங்குவது. தகப்பனார் காலத்துக் கடை, கணீரென்ற குரல். "என்ன சார், எலும்பும் தோலுமா வந்திருக்கீக? ஒங்க ஊர்ல சோறே போடுறதில்லையா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார்.

எண்ணெயில் முக்கிப் பொரித்தெடுக்கிற பரோட்டா. பிய்த்தால் நொறுங்கும், சால்னாவில் விழுந்தால் கரையும். இதன் முன்னால் எங்கள் ஊர்ப் பரோட்டா வெறும் ஈரத்துணி. மூன்றாவதைப் பிய்க்கும்போது பாய் குரலைத் தாழ்த்தினார்.

"தாயில்பட்டிப் பக்கம் போறீகளே, பங்குனியில அங்கன நடந்தது தெரியும்ல?"

பேப்பரில் பார்த்த மாதிரி ஞாபகம். பட்டாசு விபத்து என்றால் எங்கள் ஊர்ப் பதிப்பில் நாலு வரி. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் புரட்டியிருக்கிறேன்.

"மூணு பொம்பளையாளு, ஒரு போர்மேன். நாலு உசுரு. போர்மேன் சங்கரலிங்கம் நம்ம கடைக்குக் கம்பி வாங்க வருவாக. அம்புட்டு நிதானமான மனுசன். கழிவு மருந்தக் குழியில போட்டு எரிச்சிருக்காக. பொறி பறந்து வந்து, காயப் போட்டிருந்த தரைச்சக்கரத்துல விழுந்திருச்சு. சங்கரலிங்கம் பொம்பளையாளுகள இழுக்க ஓடிப் போயி, அவுகளும் போயிட்டாக. காத்து திரும்புனப்பறம் எரிச்சது இவுக தப்புன்னு செத்தவுக பேர்லயே கேசு எழுதிட்டாக."

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. நிதானமான மனுசன் என்றதும் பிய்த்த பரோட்டாவைச் சால்னாவிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"அவுக சம்சாரம் ஒண்ணு சொல்லுது. காத்துக் கம்பெனிக்காரர் ஒருத்தர், ஒம்பது மணி வரைக்கும் மலக்காத்துதான், பயமில்லன்னு இவுககிட்டச் சொன்னாராம். அதக் கேட்டுத்தான் எரிச்சாகளாம். எட்டரைக்கே எரிச்சாகன்னா ஊர்ல ஒருத்தரும் நம்பல. செத்த புருசனுக்காகக் கத கட்டுதுங்காக." பாய் என் முகத்தையே பார்த்தார். "அது நீங்க இல்லையே சார்?"

"இல்லீங்க பாய். எத்தனையோ கம்பெனிக்காரங்க வர்றாங்களே," என்றேன். சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். வெட்கங்கெட்ட பொய். மிச்சமிருந்த பரோட்டா இலையிலேயே கிடந்தது.

அது நான்தான். தை மாதம், தாயில்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு டீக்கடை. அட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் அலுமினிய வெள்ளி படிந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காற்றுப் பெட்டிக்காரர் நான்தானா என்று கேட்டார். பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவர் ஆபீஸில் மருந்துக் கலவை விடியற்காலைக் குளிர்ச்சியில் நடக்கிறது. கூட்டி அள்ளிய கழிவை மறுநாள் விடியுமுன்தான் எரிப்பார்கள். ஆட்கள் வருமுன் எரித்துவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அந்தக் கழிவு வாளியில் கிடக்கிறது. கிடந்த கழிவு தானாகச் சூடேறிப் பற்றியதைப் பார்த்தவராம். அது அவரை உறுத்தியிருக்கிறது. குழி ஆபீஸின் கிழக்குக் கோடியில். அதைத் தாண்டி வெறும் கரிசல். மேற்கேயிருந்து மலைக்காற்று அடிக்கும்வரை பொறி கரிசலுக்குத்தான் போகும். "அந்தக் காத்து எத்தன மணி வரைக்கும் நிக்கும் சார்? தெரிஞ்சா அன்னன்னைக்குக் கழிவ அன்னன்னைக்கே எரிச்சிரலாம்," என்றார்.

மார்கழி, தை அட்டைகளைப் பார்த்து வைத்திருந்தேன். பெரிய மனுஷன் தோரணையில், "ஒன்பது மணி வரைக்கும் கவலையே இல்லீங்க," என்றேன். பஸ் வந்தது. ஓடினேன். அவர் என் பெயரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சிவகாசி பஸ் திருத்தங்கலைத் தாண்டுவதற்குள் டயர் வெடித்தது. டமார் என்றதும் பஸ்ஸில் ஒருவர் பாக்கியில்லாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் டயர் வெடித்தால் முதலில் டிரைவரைத் திட்டுவோம். இங்கே முதலில் கும்பிடு போட்டார்கள், பிறகுதான் திட்டினார்கள். எல்லாரும் இறங்கி வேலிமர நிழலில் நின்றோம். வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாளிடம் இரண்டு வாங்கினேன். பக்கத்தில் இரண்டு பெண்கள், விரல் நகமெல்லாம் வெள்ளி.

"ஆர்டர் ஏறிக் கெடக்குன்னு ஞாயித்துக்கெளமையும் வரச் சொல்லுதான்."

"போகாத. ஒடம்பு என்னத்துக்காகும்?"

"போகலன்னா சீசன்ல நிப்பாட்டிருவான். அப்பப் பிள்ளைக்கு நீ ஃபீஸ் கட்டுவியா?"

இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கவே முடியவில்லை.

கம்பத்தடிக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. மாசிக்குப் பிறகு எடுக்காமல் கிடந்த அட்டையை உருவி மடிக்கணினியில் போட்டேன். பங்குனியில் அந்தக் காலை எது என்று பாய் சொல்லியிருந்தார். ஏழு ஐம்பதுக்கு மேற்குக் காற்று. எட்டு மணிக்கு அசைவே இல்லை. எட்டுப் பத்துக்குக் கிழக்கு. அதற்குப் பிறகு நாள் முழுக்கக் கிழக்குதான். குழி பற்றவைத்தது எட்டரைக்கு என்று பாய் சொன்னார். என் கணக்குப்படி இன்னும் அரைமணி நேரம் பாக்கி.

மலையடிவாரக் காற்று உண்டாவது அப்படியொன்றும் பெரிய மர்மம் இல்லை. இந்தச் சீமைக்கு மேற்கே சுவர் வைத்தாற்போல மலைத்தொடர். ராத்திரி அந்தச் சரிவு சட்டென்று குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, ஓடைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் தண்ணீரைப் போலக் கீழே வழிந்து சமவெளிக்கு வரும். விடிகாலையில் முகத்தில் படுகிற குளிர்ச்சி அதுதான். பொழுது புலர்ந்ததும் கிழக்குப் பார்த்த அந்தச் சரிவில் வெயில் நேராக அறையும். தரையில் அப்போதுதான் சாய்வாகத் தடவிக்கொண்டிருக்கும். பாறை தோசைக்கல்லாகக் காயும். அதன் மேலுள்ள காற்று சூடாகிச் சரிவோடு மேலே ஏறும். ஏறிய இடம் காலியாக, அதை நிரப்பச் சமவெளிக் காற்று மலையைப் பார்த்துக் கிளம்பும். அதாவது கிழக்கேயிருந்து மேற்கே. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் ஒரு இலைகூட ஆடாது.

இந்தத் திருப்பம் மணியைப் பார்த்து நடப்பதில்லை. தையில் சூரியன் பிந்தி எழும், சாய்ந்து காயும், மூட்டமும் இருக்கும். பாறை மெதுவாகத்தான் சூடேறும். பங்குனியில் மேகமில்லாத காலை என்றால் ஒரு மணி நேரம் முந்திவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பாடமாகவே தெரியும். நான் அந்த மனிதரிடம் பாதியைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவன்.

சாயங்காலம் லாரியும் ஆட்களும் வந்தார்கள். கம்பத்தை இன்றைக்கு இறக்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். டிரைவர் கன்னாபின்னாவென்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த ஊருக்குப் போனேன். தாயில்பட்டியிலிருந்து உள்ளே போகிற மண்ரோடு. ஊர்ப் பெயர் வேண்டாம். சங்கரலிங்கம் வீடு எது என்று கேட்டால் வாய் திறந்து சொல்ல ஆளில்லை. மோவாயால் காட்டினார்கள். அவர் மனைவி செல்லக்கனி வாசலில் காகிதக் குழல் சுருட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வேலையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, ஒன்பது மணின்னு சொன்னது நானுங்க," என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

சுருட்டிய கை நின்றது. அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நெசத்துக்கே இருக்கீகளா நீங்க?"

"இருக்கேனுங்க."

"மூணு தடவ சூலக்கரைக்குக் கலெக்டர்கிட்ட மனு கொண்டுட்டுப் போனேன். அந்த ஆளு பேரு என்னம்மா, எந்தக் கம்பெனின்னு கேக்காக. என்னத்தச் சொல்ல? பேரு தெரியாத ஆள எங்கன போயித் தேடுவாக? இந்தத் தெருவுல ஒரு சனம் எங்கூடப் பேசுறதில்ல சார். தண்ணிக் கொழாயில நான் போயி நின்னா வெலகிப் போயிருதுக. எம்புருசன் மூணு பொம்பளையாள எரிச்சிட்டாகளாம். எனக்கு ரூவாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவுக கவனமில்லாத ஆளு இல்லன்னு ஒரு நாக்குச் சொல்லணும்."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்க எனக்கு என்ன தகுதி? ஆனாலும் குடித்தேன். பிறகு, காற்று ஏன் திரும்புகிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். மலை, பாறை, வெயில், தைக்கும் பங்குனிக்கும் உள்ள வித்தியாசம், எல்லாவற்றையும். அப்படிக் கவனமாகக் கேட்கிற ஒருவரை எங்கள் கம்பெனியில்கூட நான் பார்த்ததில்லை.

"வெயில் ஏற ஏற முந்தித் திரும்பும்."

"ஆமாங்க."

"அது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமுங்க."

"பெறகு அத மட்டும் ஏன் சொல்லாம விட்டீக?"

"பஸ் வந்திருச்சுங்க."

இதைச் சொல்லும்போது நாக்கு அப்படியே அறுந்து விழுந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டு மடியில் கிடந்த குழலைக் கசக்கினார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து எம்புட்டுச் சந்தோசமாச் சொன்னாக தெரியுமா? இனிமே கழிவு ராத்திரி ஆபீஸ்ல கெடக்காதுடி, நிம்மதியாத் தூங்கலாம்னாக. ரெண்டு மாசம் தூங்குனாக." அப்போதுதான் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எந்திரிங்க. பெருமாள் வீட்டுக்குப் போவம்."

பெருமாள் அதே தெருவில் நாலு வீடு தள்ளி. செத்துப்போன மூன்று பெண்களில் பேச்சியம்மாள் அவர் மனைவி. சுவரில் புதுப் படம், அதன் மேல் சின்ன பல்பு மாலை. கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர் செல்லக்கனியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இங்கன எதுக்கு வந்தீக?"

"நான் பேச வரலண்ணே. இவுக பேசுவாக. கேளுங்க."

மறுபடியும் சொன்னேன். இரண்டாவது தரம் சொல்வது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனைவியின் படத்துக்குக் கீழே படுத்துக்கிடந்த ஒருவரிடம், நீங்கள் நாற்பது நாளாகத் திட்டுகிற ஆள் தப்புச் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கையைக்கூட ஓங்காமல் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"ஒம்பது இல்லையா?"

"இல்லீங்க. இப்போ எட்டுக்கே திரும்பும். சில நாள் அதுக்கும் முந்தியே."

கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். "நான் எட்டுக்கு எரிக்கேனே சார்."

எனக்குப் புரியவில்லை. செல்லக்கனிதான், "நீங்களா எரிக்கீக?" என்று கேட்டார்.

"பக்கத்து ஆபீஸ்ல சேந்து இருவது நாளாச்சு. குழி எம் பொறுப்பு. சங்கரலிங்கம் அண்ணன் ஒம்பதுன்னு எல்லா ஆபீஸ் போர்மேன்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாருல்ல. நான் பயந்துக்கிட்டு ஒரு மணி நேரம் கொறச்சி எட்டுன்னு வச்சேன். மத்த ஆபீஸ்ல இன்னமும் ஒம்பதுதான் ஓடுது."

ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன். நடந்து முடிந்த ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன். அது முடியவேயில்லை. நல்ல செய்தி என்று நினைத்து, அந்த நல்ல மனிதர் என் அரைகுறைப் பேச்சை ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் அது எங்கெங்கோ பற்றவைக்கப்படுகிறது.

"அப்ப எத்தன மணி சார்? சரியா ஒரு மணியச் சொல்லுங்க," என்று பெருமாள் என் கையைப் பிடித்தார்.

"மணியே சொல்ல மாட்டேனுங்க. ஆளுக வர்றதுக்கு முன்னாடி, மலையில வெயில் படறதுக்கு முன்னாடி. காத்து நின்னுபோச்சுன்னா கிட்டவே போகாதீங்க."

"அப்படின்னா காலையில அள்ளுற கழிவு மறுநா வரைக்கும் கெடக்குமே? அதுக்குப் பயந்துதான அண்ணன் ஒங்ககிட்டக் கேட்டாரு?"

அதற்கு வழி எனக்குத் தெரியாது என்றே சொன்னேன். செல்லக்கனி எங்கிருந்தோ ஒரு நோட்டுத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் சொன்னது, சொல்லாமல் விட்டது, அட்டையில் இருக்கும் கணக்கு, என் பெயர், ஊர், கம்பெனி, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூலக்கரைக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. கம்பெனியில் என்ன சொல்வார்கள் என்ற பயம் இல்லாமல் இல்லை. வேலை போகலாம்.

பெருமாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாளு கலெக்டர் கச்சேரிக்கு ஆகும் சார். போர்மேன்மாரு தாளு வாசிச்சிக் கேக்க மாட்டாக. நீங்க வந்து வாயால சொல்லணும்."

அன்று ராத்திரி பெருமாள் வீட்டில்தான் படுக்கை. நாலாம் நாள் கருக்கலில் மூவரும் கிளம்பினோம். பெருமாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால், செல்லக்கனி நடுவில், நான் பின்னால். நாற்பது நாளுக்குப் பிறகு அவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்த தெருவில் கதவுகள் திறந்து மூடின. மேற்கேயிருந்து குளிர்ந்த காற்று லேசாக வந்துகொண்டிருந்தது. மலை கறுப்பாக நின்றது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

முதல் ஆபீஸ். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஆணியில் பொறி வரும் என்று பயம். காவலாளி அறைக்குள் சாமி படத்துக்கு முன்னால் கொளுத்தாத சூடம் தட்டில் இருந்தது. இங்கே சாமிக்கும் நெருப்புக் கிடையாது. போர்மேன் வெளியே வந்தார். வயதில் இளையவர், சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை, மணிக்கட்டில் பெரிய கடிகாரம். ஒற்றையடிப் பாதையில் பெண்கள் தூக்குவாளிகளோடு வர ஆரம்பித்திருந்தார்கள்.

"குழி எப்பண்ணே எரிப்பீக?" என்று பெருமாள் கேட்டார்.

"இப்பதான் கலவ ஓடுது. அள்ளுனதும் ஒம்பதுக்குள்ள எரிச்சிருவோம். காத்துக்காரர் ஒருத்தர் கணக்குப் பாத்துச் சொன்ன நேரம்லா. சங்கரலிங்கம் அண்ணன்தான் பாவம், கடியாரம் பாக்காம விட்டுட்டாரு. எங்களுக்கு அந்தத் தப்பு வராது."

செல்லக்கனி திரும்பி என்னைப் பார்த்தார்.

"அது நான்தாங்க," என்றேன்.